சோற்றைக் குறைத்தால் குழம்பையும் மாற்றணும்

நம் வீட்டுக் குழம்பு எதுவும் தனியாகச் சாப்பிடுவதற்காக வைக்கப்படுவதில்லை. ஒரு கரண்டிக் குழம்பு ஒரு தட்டுச் சோறு முழுக்கப் பரவி ருசி கொடுக்க வேண்டும், அதற்காகத்தான் அவ்வளவு உப்பு, அவ்வளவு புளி, அவ்வளவு காரம். மாவுச்சத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று சோற்றை மட்டும் எடுத்துவிட்டு அதே குழம்பையும் அதே பொரியலையும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டால் நாக்கு எரியும், ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும், அப்புறம் "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று பழைய தட்டுக்கே போய்விடுவோம். எங்கள் தெருவில் லோ கார்ப் (மாவுச்சத்தைக் குறைத்த சாப்பாடு) ஆரம்பித்துவிட்டு நிறுத்தியவர்கள் பசி தாங்காமல் நிறுத்தவில்லை, உப்பு தாங்காமல் நிறுத்தினார்கள் என்பது என் கணிப்பு. வெளிநாட்டுச் சமையல் வீடியோக்களில் இதைச் சொல்லவே மாட்டார்கள், அவர்களுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது.

எங்கள் வீட்டில் இது வீட்டுக்காரருக்காக ஆரம்பித்தது. கடலூரிலிருந்து பாண்டிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவர், சர்க்கரை வந்துவிட்டது. அந்த பஸ்ஸில் அவருக்குத் துணைக்கு ஆள் நிறைய இருப்பார்கள். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், கோவாவுக்கு அடுத்த இடம். நாலில் ஒருத்தர். நம் கடலூர் தமிழ்நாட்டுக் கணக்கில் வருகிறது, அது 14.4 சதவீதம், ஆனால் இங்கேயும் அங்கேயும் தட்டில் இருப்பது ஒரே சோறுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் திடீரென்று சோற்றை நிறுத்தக் கூடாது. கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு மாதிரி மாத்திரைகள் நீங்கள் சோறு சாப்பிடுவீர்கள் என்ற கணக்கில் கொடுக்கப்பட்டவை. சோறு போய் மாத்திரை மட்டும் அப்படியே இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரும். சிறுநீரகத்தில் பிரச்சினை இருப்பவர்களுக்கு மீனையும் முட்டையையும் கூட்டுவதற்கும் டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். எங்களுக்கு டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்துக் கொடுத்த பிறகுதான் நான் கரண்டியையே எடுத்தேன்.

சரி, கணக்கு. வடித்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று நாம் போட்டுக்கொள்வது சாதாரணமாக 300 கிராமைத் தாண்டும், அதுவே 84 கிராம் ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குள் இருந்தால்தான் பொதுவாக லோ கார்ப் என்கிறார்கள். காலையில் நாலு இட்லி, ராத்திரி மூணு தோசை என்றால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உடனே யாராவது ஒருத்தர் சிறுதானியத்துக்கு மாறச் சொல்வார். கேழ்வரகு, சாமை, வரகு எல்லாம் நல்ல சாப்பாடுதான், நார்ச்சத்து உண்டு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் இவற்றிலும் 65, 70 என்றுதான் இருக்கிறது. கேழ்வரகுக் களியை உருண்டை உருண்டையாகச் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் குறைத்துவிட்டேன் என்று சொல்பவர்களிடம் நான் வாதம் பண்ணுவதில்லை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

இனி குழம்பு. மத்தி மீன் குழம்பையே எடுத்துக்கொள்வோம், விலையும் குறைவு, கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன், பழைய ஊர்) பக்கம் போனால் பளபளவென்று கிடைக்கும். அரைக் கிலோ மீனுக்கு நான் முன்பு எலுமிச்சம்பழ அளவு புளி கரைப்பேன். இப்போது நெல்லிக்காய் அளவுதான், கூட இரண்டு தக்காளி. குழம்பு மிளகாய்த்தூள் மூணு ஸ்பூன் போட்ட இடத்தில் இரண்டு. உப்பு முன்பு போட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. தேங்காயைக் கூட்டிவிட்டேன், அரை மூடியைச் சீரகத்தோடு வழவழவென்று அரைத்து ஊற்றினால் காரமும் புளிப்பும் தணிந்து, குழம்பு சூப்பைவிடக் கொஞ்சம் கெட்டியாக நிற்கும். தேங்காயிலும் மாவுச்சத்து இருக்கிறதே என்றால், 100 கிராமில் 15 கிராம், அதில் 9 கிராம் நார்ச்சத்து, பயப்பட ஒன்றுமில்லை. தாளிப்பு மட்டும் பழையபடியே: நல்லெண்ணெய் காய்ந்ததும் வடகத்தைக் கிள்ளிப் போட்டு, அது பொரிந்து கருக்கும் முன்பே வெந்தயம், பூண்டு, கறிவேப்பிலை. இந்த வடகம் இல்லாமல் கடலூரிலும் பாண்டியிலும் மீன் குழம்பு என்று ஒன்று கிடையாது, ஒரு ஸ்பூன் வடகத்தில் இருக்கும் வெங்காயமும் உளுந்தும் யாரையும் எதுவும் செய்துவிடாது. சின்ன வெங்காயத்தில்தான் கொஞ்சம் கை அடக்கம் வேண்டும், பெரிய வெங்காயத்தைவிட அதில் மாவுச்சத்து கொஞ்சம் கூடுதல். மீனோடு கத்திரிக்காயும் முருங்கைக்காயும் போட்டு, இரண்டு துண்டுக்குப் பதிலாக நாலு துண்டு மீன், கிண்ணத்தில் ஊற்றி ஸ்பூன் போட்டுக் கொடுத்தால் அதுவே முழுச் சாப்பாடு.

முதல் தடவை அத்தை ருசி பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல உப்பு எங்க போச்சு?" என்றார். நியாயமான கேள்வி. அவருக்கும் பிள்ளைகளுக்கும் சோறு உண்டு, சோற்றுக்கு இந்தக் குழம்பு சப்பென்றுதான் இருக்கும். அதற்காக இரண்டு சமையல் பண்ண என்னால் முடியாது. ஆகவே மீன் போடும் முன்பே குழம்பை இரண்டு சட்டியாகப் பிரித்துவிடுகிறேன். ஒன்று வீட்டுக்காரருக்கு. இன்னொன்றில் கூடக் கொஞ்சம் புளிக்கரைசல், உப்பு, மிளகாய்த்தூள் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, கடைசியில் இரண்டிலும் மீனைப் போடுவது. சாம்பார், காரக்குழம்பு எல்லாவற்றுக்கும் இதே வழிதான். சாம்பாரில் மட்டும் அவர் சட்டிக்குப் பருப்பை ஒரு கரண்டியோடு நிறுத்திவிட்டு சுரைக்காய், கத்திரிக்காய் என்று காயைக் கூட்டிவிடுவேன். கூட்டு செய்தாலும் புடலங்காயும் பீர்க்கங்காயும்தான் முக்கால்வாசி, பருப்பு பேருக்கு.

சோறே வேண்டாத ஒரு பண்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, சுறாப் புட்டு. பேரில் புட்டு, உள்ளே ஒரு சிட்டிகை மாவு கிடையாது. சின்ன பால் சுறாவாக வாங்கி, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, சொரசொரப்பான தோலை உரித்து, நடு முள்ளை எடுத்துவிட்டு, சதையைக் கையால் பிழிந்து உதிர்க்க வேண்டும். இந்தப் பிழிவதில்தான் எல்லாமே இருக்கிறது, தண்ணீர் நின்றுவிட்டால் வாணலியில் உதிராமல் களியாகிவிடும். எண்ணெயில் இஞ்சி, பச்சை மிளகாய், வெங்காயம், நிறையப் பூண்டு வதக்கி, உதிர்த்ததைப் போட்டு, சின்னத் தீயில் பொலபொலவென்று ஆகும்வரை கிளறினால் முடிந்தது. வாங்கும்போது முகர்ந்து பாருங்கள், நெடி மூக்கைத் துளைத்தால் வேண்டாம். சுறாவின் உடம்பில் யூரியா உண்டு, மீன் பழசாக ஆக அது அமோனியாவாக மாறும். அதேபோல் பெரிய சுறாக்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் நான் பெரியதைத் தொடுவதில்லை, சின்னதையும் எப்போதாவதுதான் வாங்குகிறேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று கொடுப்பது நம் ஊர் வழக்கம், ஆனால் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்ப்பது நல்லது என்றே சொல்வேன், பாட்டிமார்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

காலிஃபிளவர் சோறு பற்றிக் கேட்காதவர்களே இல்லை. 100 கிராமில் 5 கிராம்தான் மாவுச்சத்து, அதனால் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு ஆசை. என் அனுபவத்தில் எலுமிச்சை சாதத்துக்கும் தேங்காய் சாதத்துக்கும் அது பிரமாதம், சாம்பார் ஊற்றிப் பிசைந்தால் கொடுமை. துருவி, வெள்ளைத் துணியில் கட்டிப் பிழிந்துவிட்டு, அகலமான இரும்பு வாணலியில் கடுகு, வேர்க்கடலை, பச்சை மிளகாய், பெருங்காயம், மஞ்சள் தாளித்து, பெரிய தீயில் நாலு நிமிஷம் மட்டும். மூடி போடக் கூடாது. உப்பைக் கடைசியில்தான் போடணும், முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுவிடும். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சைச் சாறு. டிபன் கேரியரில் மதியம்வரை நன்றாகவே இருக்கிறதாம்.

காலைச் சாப்பாடுதான் இன்னும் இழுபறி. இட்லியை முழுசாக நிறுத்தவில்லை. ஆனால் தட்டில் நடுவில் இருப்பது முருங்கைக்கீரையோடு கிளறிய இரண்டு முட்டை, பக்கத்தில் ஒரு கிண்ணம் தேங்காய்ச் சட்னி, ஓரத்தில் ஒரே ஒரு இட்லி. முன்பு இட்லிக்குச் சட்னி, இப்போது சட்னிக்கு இட்லி. சட்னியில் கடை ஸ்டைலில் பொட்டுக்கடலையை அள்ளிப் போட்டு அரைத்தால் இவ்வளவு செய்ததும் வீண், தேங்காயும் பச்சை மிளகாயும் போதும்.

நொறுக்குத் தீனியில் ஒரு வருத்தமான சமாச்சாரம், பண்ருட்டி முந்திரி. பக்கத்து ஊர், உறவுக்காரர்கள் வந்தால் கிலோ கணக்கில் கொண்டுவருவார்கள், ஆனால் 100 கிராமில் 30 கிராம் மாவுச்சத்து. வேர்க்கடலையில் அதில் பாதிதான், அதிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து. ஆகவே அவருக்கு வேர்க்கடலை, எனக்கு முந்திரி.

மீன் இல்லாத காலம் ஒன்று இருக்கிறதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஃபைபர் படகில் வருவதுதான் மீன், விலை கேட்டால் பேசாமல் திரும்பிவிடலாம். அதற்கு முன்பே பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பலாப் பிஞ்சு வர ஆரம்பித்திருக்கும், அதைக் கறி மாதிரி மசாலா போட்டுப் பிரட்டினால் ஒரு வேளை ஓடிவிடும். பிஞ்சு மட்டும், பழுத்தது வேறு கணக்கு. மற்ற நாளுக்குக் கருவாடு. அதிலும் உப்புத்தான் தொல்லை, நெத்திலிக் கருவாட்டை இரண்டு மூணு தடவை வெந்நீரில் ஊறவைத்துக் கொட்டாமல் நான் சட்டியில் போடுவதில்லை. அவசரத்துக்கு சென்னாக்குனி (பொடி இறால் கருவாடு): மண் போக நன்றாக அலசி, வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்து, வெங்காயம், பூண்டு, மிளகுத்தூளோடு வதக்கி, மேலே மூணு முட்டையை உடைத்து ஊற்றி உதிர உதிரக் கிளறி, தேங்காய்த் துருவல் தூவி இறக்க வேண்டியதுதான். உப்பை மட்டும் இறக்கிய பிறகு ருசி பார்த்துப் போடுங்கள், பெரும்பாலும் தேவையே இருக்காது.