வாழைநார்ப் பலகையில் பிசிறில்லாத துளை

முதல் துளையைப் போட்டதும் பலகையைத் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் ஓரளவு வட்டமாகத்தான் இருந்தது. அடிப்பக்கத்தில் துளையைச் சுற்றி ரெசின் வெளுத்துக் கிடந்தது; நார் நுனிகள் தேய்ந்த துடைப்பம் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எம்.இ. ப்ராஜெக்டுக்காகப் பல வாரம் உழைத்துச் செய்த பலகை அது. மனசு விட்டுப்போனது.

அந்தப் பலகை வாழைநாரும் அதை ஒட்டிப் பிடிக்கும் எபாக்சி ரெசினும் சேர்ந்தது. வாழை மட்டையிலிருந்து இயந்திரத்தில் பிரித்தெடுத்த நாரை வாங்கி, 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, பலமுறை அலசிக் காயவைத்தேன். நாரின் மேலிருக்கும் மெழுகும், நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளில் ஒரு பகுதியும் போனால்தான் ரெசின் நன்றாகப் பிடிக்கும். எல்ஒய் 556 ரெசின் 10 பங்குக்கு, அதைக் கெட்டியாக்கும் எச்ஒய் 951 ஹார்ட்னர் 1 பங்கு, எடைக் கணக்கில். முதல் தடவை அரை கிலோவை ஒரே மக்கில் கலந்துவிட்டேன். நாரை அடுக்கி முடிப்பதற்குள் மக் கைசுடும் அளவுக்குச் சூடேறி, உள்ளேயே கெட்டியாகிவிட்டது. அப்புறம் 100 கிராம், 150 கிராமாகக் கலந்துதான் வேலையை முடித்தேன். 300-க்கு 300 மி.மீ. அச்சு, 5 மி.மீ. கனம், ஒரு நாள் முழுக்க எடை ஏற்றி அழுத்தம். இதுதான் கஷ்டமான பகுதி, துளையிடுவது அரை நாள் வேலை என்று நம்பியிருந்தேன்.

அதற்கு முன் எனக்குக் கண்ணாடியிழைப் பலகையில் துளையிட்ட பழக்கம் மட்டுமே உண்டு. அந்தப் பழக்கம் இங்கே உதவவில்லை. துளையிடும் பிட்டின் விளிம்பு பட்டதும் கண்ணாடியிழை நொறுங்கிவிடும். வாழைநார் வளைந்துகொடுக்கும். பிட் வரும்போது ஒதுங்கி, அது போனதும் நிமிர்ந்துகொள்ளும். வெட்டுப்படாமல் தப்பிய அந்த நார்தான் பிசிறு. சாதாரண பிட்டின் நடுமுனை உண்மையில் எதையும் வெட்டுவதில்லை. மையத்தில் வெட்டு வேகம் பூஜ்யம் என்பதால் அது அழுத்தித் தள்ளத்தான் செய்யும். பிட்டுக்குக் கீழே அடுக்குகள் மீதமிருக்கும் வரை பலகை அந்த அழுத்தத்தைத் தாங்கும். கடைசி ஓரிரு அடுக்கு மட்டும் மிஞ்சும்போது தாங்க ஆளில்லை. வெட்டுப்படுவதற்கு முன்பே பிய்த்துக்கொண்டு கீழே போய்விடும். அடிப்பக்கம் மோசமாக இருந்ததன் காரணம் இதுதான்.

கல்லூரிக்கு எதிரே லேத் பட்டறை வைத்திருந்த அண்ணனிடம் பலகையைக் கொண்டுபோனேன். பிட்டை வாங்கி நகத்தில் உரசிப் பார்த்தார். "தம்பி, இது இரும்புக்கு ஓட்டுன பிட்டு. முனை மழுங்கிப் போச்சு. அதோட, அடியில கட்டை குடுத்தியா?" என்றார்.

"இல்லண்ணே, சும்மா வைஸ்ல பிடிச்சுத்தான் போட்டேன்."

"நார் இருக்குற பொருளுக்கு முதல்ல ஓரத்தைக் கீறணும், அப்புறம்தான் நடுவைக் குடையணும். ஆசாரிமார்கிட்ட இருக்குற பிட்டைப் பாரு."

மரவேலைக்கான அந்தப் பிட்டில் நடுவே ஒரு கூர் முள், விளிம்பில் இரண்டு கூர் முனை இருக்கும். முள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, விளிம்பு முனைகள் துளையின் சுற்றளவை முதலில் அறுத்துவிடும். நார் ஒதுங்குவதற்கு வழியே இல்லை. அன்று மாலையே ஒரு 6 மி.மீ. பிட் வாங்கினேன். பலகைக்கு அடியில் பழைய பிளைவுட் துண்டை இறுக்கிப் பிடித்துத் துளை போட்டேன். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

மீதிப் பாதிக்குக் காரணம் ஈரம் என்று புரிய இன்னும் இரண்டு வாரம் ஆனது. ஒரே பிட், ஒரே வேகம், ஆனால் சில துண்டுகளில் மட்டும் பிசிறு வந்தது. தூசி பறக்காமலிருக்கப் பலகைகளை மார்பிள் கட்டரில் தண்ணீர் விட்டு அறுத்திருந்தேன். அறுபட்ட ஓரத்தில் நாரின் வாய் திறந்தே இருக்கும், தண்ணீரை உறிஞ்சிவிடும். வீட்டில் அம்மா பூக் கட்டுமுன் வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக்கொள்வார். காய்ந்த நார் ஒடியும், நனைந்த நார் சொன்னபடி வளையும். சிறு வயது முதல் பார்த்த விஷயம், ஆய்வகத்தில் நினைவுக்கு வரவில்லை. ஈரமான துண்டுகளை 60 டிகிரி ஓவனில் எடை குறைவது நிற்கும் வரை வைத்தேன். 30 கிராம் துண்டில் ஏறத்தாழ ஒரு கிராம் குறைந்தது. அதன் பிறகு எல்லாத் துண்டுகளும் ஒரே மாதிரி நடந்துகொண்டன. துளையிடும்போதும் சூடு தணிக்கும் திரவம் (கூலன்ட்) விடவில்லை, காற்று மட்டும்தான். மாஸ்க் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

கடைசிச் சோதனைக்கு, எல்லாச் சேர்க்கைகளையும் போடாமல் ஒன்பது சோதனையில் முடிக்கும் டகுச்சி எல்9 அட்டவணையை எடுத்துக்கொண்டேன். நிமிடத்துக்கு 1000, 2000, 3000 சுற்று, சுற்றுக்கு 0.05, 0.1, 0.2 மி.மீ. ஃபீட் (ஒரு சுற்றில் பிட் கீழிறங்கும் தூரம்), மூன்று வகை பிட். ஒவ்வொரு துளையையும் ஸ்கேனரில் வைத்துப் படமெடுத்து, சேதம் எட்டிய பெரிய விட்டத்தை இமேஜ்ஜே மென்பொருளில் அளந்து, துளையின் விட்டமான 6-ஆல் வகுத்தேன். சேதமே இல்லையென்றால் 1 வரும். முதல் நாள் துளைக்கு 1.3 வந்தது. மரவேலைப் பிட், 3000 சுற்று, 0.05 ஃபீட், அடியில் கட்டை எல்லாம் சேர்ந்தபோது 1.06. என் பலகையில் ஃபீடின் பங்குதான் பெரிது. சுற்று வேகத்தை மாற்றியபோது வித்தியாசம் குறைவு. ஆனால் மழுங்கிய பிட்டை அதிகச் சுற்றில் மெதுவாக இறக்கினால் உரசல் சூட்டில் ஓரம் பழுப்பாகிக் கருகல் வாடை வரும். 200 டிகிரியைத் தாண்டினால் நார் சிதையத் தொடங்கிவிடும். அதனால் இந்தப் பலகைக்கென்று ஒரு பிட்டைத் தனியாக ஒதுக்கி, இரும்பில் ஒருமுறைகூட வைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

துளை போட்டபின் அதன் உட்சுவரிலும் அறுபட்ட நார் வாய்கள் திறந்திருக்கும். சிறு பிரஷ்ஷால் அங்கே எபாக்சியை மெல்லிசாகத் தடவி ஒரு நாள் ஆறவிட்டு, மறுநாள்தான் போல்ட்டை மாட்டினேன்.