வைப்ரேஷன் யூனிட்டை ஒதுக்காதீர்கள்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில் டைனமிக்ஸ் ஆஃப் மெஷின்ஸ் (இயந்திர இயக்கவியல்) பாடம் வந்ததும் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் ஒரு கணக்குப் போட்டார்கள்: பேலன்சிங், கவர்னர், கைரோஸ்கோப் மூன்றையும் நன்றாகப் பார்த்துவிட்டால் பாஸ் உறுதி, அதிர்வைப் பற்றிய வைப்ரேஷன் யூனிட்டுக்கு ஃபார்முலா போதும். செமஸ்டருக்கு அது ஓரளவு சரிதான். பேலன்சிங் கணக்கில் அட்டவணை போட்டு, அளவு மாறாமல் வரைந்தால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் வைப்ரேஷன் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டாலே மனப்பாடம் கைவிட்டுவிடும். பின்னால் வேலைக்குப் போனால் மோட்டார், பம்ப், கம்ப்ரஸர் என்று எங்கு பார்த்தாலும் இந்தப் பாடம்தான்.

நான் பிடித்துக்கொண்ட வழி ஒன்றே ஒன்று: ஃபார்முலாவைத் தொடுவதற்கு முன் நிறையைச் சமநிலையிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, அதன்மேல் என்னென்ன விசை வருகிறது என்று படம் வரைவது. மேலே ஒரு ஸ்பிரிங், கீழே ஒரு ஸ்பிரிங், நடுவில் நிறை. பார்த்தால் தொடர் இணைப்பு மாதிரிதான் தெரியும். நிறையை ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்கிப் பாருங்கள். மேலே உள்ளது அதே அளவு நீளும், கீழே உள்ளது அதே அளவு சுருங்கும், இரண்டும் நிறையை மேலே தள்ளும். அப்படியென்றால் பக்க இணைப்பு, இரண்டின் விறைப்புகளையும் (ஸ்டிஃப்னஸ்) கூட்ட வேண்டும். எடையும் அப்படித்தான். செங்குத்து ஸ்பிரிங்கில் சமநிலையிலிருந்து அளந்தால் சமன்பாட்டில் எடை வராது. ஊசலில் திருப்பி இழுப்பதே எடைதான். இதையெல்லாம் படம் தானாகச் சொல்லிவிடும்.

அப்புறம், இயல்பு அதிர்வெண் (ஆட்டிவிட்டால் நிறை தானாக அதிரும் வேகம்) விடையாக வந்ததும் அதை ஆர்.பி.எம்.முக்கு (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மாற்றுங்கள். ரேடியனில் நிற்கும் எண் நமக்கு எதையும் உணர்த்தாது. ஒரு மோட்டார் தன் எடையால் அடியில் உள்ள ரப்பர் மவுண்டை (தாங்கியை) 1 மி.மீ. அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை அந்த அமுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் விநாடிக்கு 99 ரேடியன், அதாவது சுமார் 946 ஆர்.பி.எம். மோட்டார் 1440-இல் ஓடினால் அந்த வேகத்துக்கும் இயல்பு அதிர்வெண்ணுக்கும் உள்ள விகிதம் 1.52. டேம்பிங்கை (அதிர்வின் ஆற்றலை உறிஞ்சும் தடையை) விட்டுவிட்டுப் பார்த்தால் அதிரும் விசையில் 76 சதவீதம் தரைக்குப் போகிறது. மவுண்ட் போட்டதற்குப் பெரிய பலன் இல்லை! அதையே 4 மி.மீ. அமுங்கும் மென்மையான மவுண்டாக மாற்றினால் இயல்பு அதிர்வெண் பாதியாகும், தரைக்குப் போவது 12 சதவீதம்தான்.

இங்கேதான் பாடத்தின் அழகான இடம் இருக்கிறது. டேம்பிங் கூட்டினால் எப்போதும் நல்லது என்றுதான் தோன்றும். ஆனால் விகிதம் 1.414-ஐத் தாண்டிய பிறகு டேம்பிங் கூடக்கூடத் தரைக்குப் போகும் விசையும் கூடும். சரி, டேம்பிங்கே வேண்டாமா? வேண்டும். மென்மையான மவுண்டில் மோட்டார் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் 473 ஆர்.பி.எம்.மைக் கடந்துதான் போக வேண்டும். மோட்டார் வேகமும் இயல்பு அதிர்வெண்ணும் ஒன்றாகும் அந்த ரெசொனன்ஸில் வீச்சை அடக்குவது டேம்பிங்தான். டிரான்ஸ்மிசிபிலிட்டி (விசையில் எவ்வளவு பங்கு தரைக்குப் போகிறது என்பது) வரைபடத்தில் ஒவ்வொரு டேம்பிங் அளவுக்கும் வரும் கோடுகள் எல்லாம் 1.414-இல் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்வதை நீங்களே ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள். இதில் எப்படிக் கேட்டாலும் பதில் சொல்லலாம்.

அமெரிக்காவின் டாகோமா பாலம் 1940-இல் இடிந்ததை வகுப்பில் ரெசொனன்ஸுக்கு உதாரணமாகச் சொல்வார்கள். ஆனால் அங்கே நடந்தது ஃப்ளட்டர்: பாலத்தின் அசைவே காற்றிலிருந்து ஆற்றலை இழுத்து அசைவைப் பெருக்கியது. இண்டர்வியூவில் இந்த வேறுபாட்டைச் சொன்னால் மதிப்பு கூடும்.

லேபில் லாகரிதமிக் டிக்ரிமென்ட் சோதனையை (வீச்சு சுற்றுக்குச் சுற்று குறைவதை வைத்து டேம்பிங்கை அளப்பது) ரெக்கார்டு நோட்டுக்காகச் செய்து முடித்துவிடாதீர்கள். ஃபைபாக்ஸ் என்ற இலவச செயலியை மொபைலில் போட்டு, உறுதியான ஒரு ஸ்பிரிங்கில் மொபைலைப் பத்திரமாகக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டுங்கள். அடுத்தடுத்த உச்சங்களின் விகிதத்துக்கு இயல் மடக்கை எடுங்கள். ஒரு சுற்றில் வீச்சு பாதியானால் டேம்பிங் ரேஷியோ (ஆட்டமே வராமல் தடுக்கத் தேவையான டேம்பிங்கில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது) சுமார் 0.11. உங்கள் ஸ்பிரிங்குக்கு அதைவிட மிகக் குறைவாகத்தான் வரும். அதனால் பத்து சுற்று தள்ளியுள்ள உச்சத்தை எடுத்து, மடக்கையைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.