பாட்டி விட்டுப் போன சாவிக்கொத்து

பாட்டி போன பிறகு எங்களுக்குச் சொத்தாக வந்து சேர்ந்தது ஒரு தகரப் பெட்டி நிறையச் சாவிகள். ஒன்றுகூட எங்கள் வீட்டுடையது இல்லை. தெருவில் பாதிப் பேருடைய மாற்றுச் சாவி பாட்டியிடம்தான் இருந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பூனையைப் பார்த்துக்கொள்வது, பள்ளிவிட்டு வந்து வாசலில் நிற்கும் பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிடுவது எல்லாம் அவள் பொறுப்பு. சம்பளம் கிடையாது, ஆனால் அதிகாரம் உண்டு. "போன வாரம் கிடந்த அழுக்குத்துணி இன்னும் நாற்காலியிலேயே கிடக்கே?" என்று வீட்டுக்காரரிடமே விசாரணை நடத்துவாள்.

உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள் அம்மா. சிக்கல் என்னவென்றால் எந்தச் சாவியிலும் பெயர் இல்லை. துணிக் கிழிசல்தான் கட்டியிருந்தது. சிவப்பு, பச்சை, கோடு போட்டது, பூப்போட்டது. எது யாருடையது என்ற கணக்கு பாட்டியின் தலைக்குள் மட்டும். திருடன் பெட்டியோடு தூக்கிப் போயிருந்தாலும் எந்த வீடு என்று தெரியாமல் திண்டாடியிருப்பான். கடைசியில் திண்டாடியது நாங்கள்.

நானும் அக்காவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். பட்டப்பகலில் அடுத்தவர் கதவில் சாவியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? புதிதாகக் குடிவந்த ஒருவர் போனை எடுத்து எங்களைப் படம் பிடிக்கவே ஆரம்பித்துவிட்டார். பக்கத்து வீட்டு மாமா மாடியிலிருந்து, "நம்ம பாட்டியோட பேத்திங்கதான் சார்" என்று சாட்சி சொன்ன பிறகுதான் போன் கீழே இறங்கியது.

அப்புறம் நடந்தது பெரிய கூத்து. பச்சைத்துணிச் சாவி மூலை வீட்டைத் திறந்தது. அதே சாவி எதிர்வீட்டையும் திறந்தது!

அக்காவுக்கு இதற்கெல்லாம் விளக்கம் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். இந்த மாதிரிப் பூட்டுக்குள் ஐந்தாறு பின்கள் ஸ்பிரிங்கோடு நிற்குமாம். சாவியின் வெட்டு ஒவ்வொரு பின்னையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் உள்ளே உருளை சுழலும். 1860களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் காப்புரிமை வாங்கிய அமைப்பு. வெட்டின் ஆழத்துக்குச் சில அளவுகள்தான் உண்டு என்பதால் சாவி வகைகளுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. மலிவுப் பூட்டில் வகை இன்னும் குறைவு. போதாக்குறைக்கு, உள்ளே இருக்கும் பின்கள் தேய்ந்துவிட்டால், கொஞ்சம் வேறுபட்ட சாவிக்கும் பூட்டு இணங்கிவிடும்.

அவள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிர்வீட்டு அம்மா, "என் சாவியைப் பாட்டி எப்பவோ திருப்பிக் கொடுத்துட்டாங்களே, இது வேண்டாம், தேவைன்னா நான் பார்த்துக்கிறேன்னு" என்றார்.

ஆக, பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது! யேல் பெயரைக் கேள்விப்படாமலே ஒரே சாவியில் இரண்டு வீட்டைப் பராமரித்திருக்கிறாள். அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதால் வாயையும் திறக்கவில்லை. நாங்கள்தான் நடுத்தெருவில் போட்டு உடைத்தோம்.

இவ்வளவு அலைந்தும் சாவியை யாரும் திரும்ப வாங்கவில்லை. தனியாக இருக்கும் பெரியவர் ஒருவர் எங்கள் கையைத் தள்ளியேவிட்டார். ஒருநாள் அவர் குளியலறையில் மயங்கிக் கிடந்தபோது, காலையில் ஜன்னல் திறக்கவில்லையே என்று சந்தேகப்பட்டு உள்ளே போனவள் பாட்டிதான். ஆம்புலன்சிலும் கூடவே ஏறி, டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டுத்தான் திரும்பினாள். "அந்தச் சாவி உங்க வீட்டிலேயே இருக்கணும்" என்றார் அவர். அதற்கு மேல் நாங்கள் என்ன பேசுவது?

மூலை வீட்டாரும் எதிர்வீட்டாரும் அந்த வாரமே பூட்டை மாற்றினார்கள். புதுச் சாவியை இருவருமே, ஒருவருக்கொருவர் தெரியாமல், அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா இரண்டையும் வாங்கி, பல்லோடு பல் ஒட்டி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் துணி கட்டினாள்.