கத்திரிக்காய் ஜாடி

ஜூலை 4, புதுச்சேரி

பெரிய மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கப் போய் அப்படியே நின்றுவிட்டேன். பளபளவென்று ஊதா, தலையில் பச்சைத் தொப்பி, தொப்பிக்கு அடியில் வெயில் படாத வெள்ளை. "வாங்குறியா, வேடிக்கை பாக்குறியாம்மா?" என்றார் கடைக்கார அம்மா. அரைக் கிலோ வாங்கினேன். ஒன்றைக் குழம்பிலிருந்து காப்பாற்றிப் மட்பாண்டப் பட்டறை மேசையில் வைத்திருக்கிறேன். மூன்று வாரமாகச் சக்கரத்தில் டம்ளர் டம்ளராக இழுத்துச் சலித்த கைக்கு ஒரு மூடிபோட்ட ஜாடி அகப்பட்டது.

ஜூலை 6

ஜாடியும் மூடியும் ஒரே மண்ணில், ஒரே நாளில். காய்ந்து சுட்டு வரும்போது நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்கும். இரண்டும் சேர்ந்து சுருங்கட்டும். ஆச்சி வீட்டு ஊறுகாய் ஜாடி, மேலே பழுப்பு, கீழே சந்தனம், அதுவும் ஸ்டோன்வேர்தான். அதிகச் சூட்டில் கல்லாய் இறுகி, உப்பும் புளிப்பும் தொடமுடியாத மண். சின்ன வயதில் அதைப் பீங்கான் என்றே நினைத்திருந்தேன்.

ஜூலை 15

கிளேஸ், அதாவது சுட்டால் கண்ணாடியாகிற மேல்பூச்சு, ஒரே வாளிதான். செம்பு அரை சதவீதம், வெள்ளீயம் ஒன்று. காற்று தாராளமாக இருக்கும் கரண்ட் சூளையில் செம்பு பச்சையாகும். கேஸ் சூளையில் காற்றை அடைத்தால், மூச்சு முட்டும் நெருப்பு கிளேஸிலிருந்தே ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். அதே செம்பு சிவக்கும். மூடி கரண்ட் சூளையில், ஜாடி கேஸ் சூளையில் என்றேன். "தனித்தனியா சுட்டா வாய் பொருந்தாது, பாத்துக்கோ" என்றார் பட்டறை அக்கா. 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கிய ஊர் இது. இங்கே இப்படிச் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை.

ஜூலை 19

மூடி வந்தது. காம்புப் பச்சை கேட்டேன், வெள்ளரிப் பிஞ்சுப் பச்சை தந்திருக்கிறது. செம்பு போதவில்லை.

ஜூலை 24

கேஸ் சூளை. 1280 டிகிரி. சூடு எட்டியதைக் காட்டும் கோன் சாய இரவு பத்தாகிவிட்டது. தலைமுடியெல்லாம் புகை.

ஜூலை 26

சூளை திறந்தோம். வயிற்றுப் பக்கம் அசல் கத்திரி ஊதா. முதுகு ஈரல் நிறம், அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கலாம். விளிம்பில் கிளேஸ் வழிந்து இறங்கியதில் வெள்ளைக் கோடு ஒன்று, தொப்பிக்கு அடியில் இருக்கிற அதே வெள்ளை. அதை நான் யோசிக்கவே இல்லை. பக்கத்தில் இருந்த தோழியின் வெள்ளைக் கப்பில் என் செம்பு ஆவியாகிப் படிந்து ஒரு கன்னம் ரோஜா நிறம். இன்னும் பேசவில்லை அவள்.

வாய் லேசாகக் கோணியிருக்கிறது. அக்கா மூடியை மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஓர் இடத்தில் மட்டும் 'டக்' என்று உட்கார்ந்தது.

மேசைக் கத்திரிக்காய் சுருங்கிப் பழுப்பாகிவிட்டது. நிறத்தை ஒப்பிட நாளைக்கு மார்க்கெட் போகவேண்டும்.