தானாக மேடேறிய மூட்டை

குன்னூரில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கும் எனக்கு, இயக்க விதிகள் பாடத்தில் ஒரு மாணவர் எங்கே தடுமாறுவார் என்பது விடைத்தாளின் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். கணக்கைப் படித்த கையோடு சூத்திரத்தை எழுதிவிட்டு, கொடுத்த எண்களில் எதை எங்கே போடுவது என்று தேடத் தொடங்குவார்கள். அந்தப் பொருளை எவையெல்லாம் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்ற யோசனையே எழுவதில்லை.

30 பாகை சாய்ந்த பலகையில் 10 கிலோ தேயிலை மூட்டை அசையாமல் இருக்கிறது, ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.7, உராய்வு விசை எவ்வளவு என்று ஒருமுறை கேட்டிருந்தேன். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால், மூட்டையைச் சரிவின் வழியே கீழே இழுப்பது 50 நியூட்டன். மூட்டை அசையாததால் உராய்வும் அதே 50 தான். பலரும் குணகத்தை, பலகை தன் பரப்புக்குச் செங்குத்தாக மூட்டைக்குக் கொடுக்கும் விசையால் பெருக்கி 60.6 என்று எழுதியிருந்தார்கள். அது உராய்வு எட்டக்கூடிய உச்சவரம்பு மட்டுமே. ஒரு மாணவி அதோடு நிற்காமல், நிகர விசை 10.6 நியூட்டன், திசை மேல்நோக்கி என்று முடித்து அடிக்கோடும் இட்டிருந்தாள். பெருக்கலிலும் கழித்தலிலும் ஒரு பிழை இல்லை. மூட்டைதான் தானாக மேடேறிக்கொண்டிருந்தது. பச்சை இலை மூட்டையைச் சுமந்து தோட்டத்துச் சரிவில் மூச்சிரைக்க ஏறுவோரைத் தினமும் பார்க்கும் பிள்ளை அவள்.

ஆகவே பொருளின் மீது செயல்படும் விசைகளை அம்புகளாகக் காட்டும் விசைப்படம் இல்லாத விடையை நான் திருத்துவதில்லை. வரையும் ஒவ்வோர் அம்பும் யார் கொடுக்கும் விசை என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாத அம்பை அழித்துவிட வேண்டும். மேலே எறிந்த பந்துக்கு மேல்நோக்கி அம்பு போட்டவனைக் கேட்டால், "கை கொடுத்த விசை சார்" என்பான். கைதான் பந்தை விட்டுவிட்டதே! நீட் தேர்வில் படம் போட நேரமேது என்று பெற்றோர் கேட்பதும் நியாயம்தான். ஆனால் பழகிய கைக்கு இது அரை நிமிட வேலை.

கல்லாறு முதல் குன்னூர் வரை மலை ரயிலுக்குப் பல்சட்டம், அதாவது எஞ்சினின் பற்சக்கரம் பிடித்துக்கொள்ள தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்களுள்ள சட்டம், எதற்கு என்று கேட்டால், எஞ்சினுக்குச் சக்தி போதாது என்பதே முதல் விடையாக வரும். ஏறத்தாழ 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் அந்தப் பாதையில், எஞ்சின் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், வழுவழுப்பான தண்டவாளம் உராய்வின் வரம்புக்கு மேல் அதைத் தள்ள முடியாது என்பது அம்புகளைப் போட்டபிறகே புலப்படுகிறது. சீரான வேகத்தில் இறங்கும்போது சட்டம் ரயிலுக்குக் கொடுக்கும் விசை எந்தத் திசையில் என்பது அடுத்த கேள்வி. கீழ்நோக்கி என்று பாதி வகுப்பு கை தூக்கும். ஏறினாலும் இறங்கினாலும் அது மேல்நோக்கியே என்பதை, கரும்பலகைக்கு வந்து வரைந்து பார்த்த பின்னரும் சிலர் முணுமுணுத்துக்கொண்டேதான் ஏற்கிறார்கள்.