ஒற்றை ஓவியத்திலிருந்து கலை வரலாற்றுக்குள்

கலை வரலாறு படிக்க வேண்டும் என்று சொல்பவரின் கையில், குகை ஓவியங்களில் தொடங்கி இன்றைய கலை வரை நீளும் தடித்த நூல் ஒன்றைக் கொடுப்பதுதான் வழக்கம். அத்தகைய நூல் வேண்டியபோது எடுத்துத் தேடுவதற்கு நல்லது. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பதற்கு உகந்ததன்று என்பது என் கருத்து. வரையத் தெரியாத, பள்ளிப் பாடத்துக்கு மேல் உலக வரலாறும் அறியாத நான், காலவரிசையை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே ஓவியத்தை எடுத்துக்கொண்டு அது எழுப்பும் கேள்விகளின் பின்னால் போவது என்று தீர்மானித்தேன். அப்படிச் செய்து பார்த்ததன் பதிவு இது.

நான் தேர்ந்தெடுத்தது, நெதர்லாந்திய ஓவியர் யான் வான் ஐக் 1434இல் ஓக் மரப்பலகையின் மேல் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய அர்னோல்ஃபினி தம்பதியர் ஓவியம். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள இதனை, அந்த அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே வேண்டிய அளவு பெரிதாக்கிப் பார்க்கலாம். விளக்கக் குறிப்பு எதையும் படிப்பதற்கு முன், கண்ணில் படுவதையெல்லாம் எழுதிவிட வேண்டும் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டேன். கைகோத்து நிற்கும் ஆணும் பெண்ணும், பச்சை அங்கியை வயிற்றின் முன் அள்ளிப் பிடித்திருக்கும் அவளுடைய கை, காலடியில் சிறு நாய், சன்னலோரத்தில் ஆரஞ்சுப் பழங்கள், கழற்றிப் போட்ட மரக் காலணிகள், பகல் வெளிச்சத்திலும் சரவிளக்கில் எரியும் ஒற்றை மெழுகுவத்தி என்று எளிதில் புலப்படுபவை முதலில் வந்தன. பின்சுவரில் தொங்கும் குவியாடியை நிதானமாகப் பார்த்தபோதுதான் ஓவியத்தின் மறுபாதி திறந்தது. தம்பதியரின் முதுகுப்புறமும், அவர்களுக்கு எதிரே வாசலில் நிற்கும் வேறு இருவரும் அதில் தெரிகின்றனர்; அதன் சட்டத்தைச் சுற்றி, கிறித்துவின் பாடுகளையும் உயிர்ப்பையும் காட்டும் பத்துச் சிறு வட்டப் படங்கள் உள்ளன; ஆடிக்கு மேலே, யான் வான் ஐக் இங்கே இருந்தார் என்ற பொருள்பட இலத்தீனில் எழுதி ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. இத்தனையும் சுமார் 82 செ.மீ. உயரமே உள்ள ஒரு பலகைக்குள் அடங்கியுள்ளன.

பட்டியலை எழுதி முடித்த பிறகே மற்றவர் எழுதியவற்றைப் படித்தேன். இது ஒரு திருமணத்துக்குச் சாட்சி ஆவணம் போல வரையப்பட்டது என்று கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி 1934இல் வாதிட்டார். பின்னால் வந்த ஆய்வாளர் பலர் அதனை ஏற்கவில்லை. அந்தப் பெண் கருவுற்றிருப்பதாகத் தோன்றுவதும், மிகையான துணியைக் கையில் திரட்டிப் பிடிக்கும் அக்காலத்து உடைப்பாங்கினால்தான் என்று இப்போது பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. தேர்ந்த அறிஞர்களே ஒரு படத்தின் முன் இவ்வளவு காலமாக வழக்காடிக்கொண்டிருப்பதைக் கண்டதும், இத்துறை நமக்கானதா என்ற தயக்கம் பெருமளவு அகன்றது. என் பட்டியலை அருகில் வைத்துக்கொண்டு இரு தரப்பு வாதங்களையும் நானே எடைபோட முடிந்தது.

பொருள்களை அடையாளங்களாக வாசிப்பது என்பது தொடங்குபவரை மிரட்டக்கூடிய பகுதி என்றாலும், அந்தப் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. சோழர் காலத்து நடராசர் திருமேனியில் உடுக்கையையும் தீயையும் தூக்கிய திருவடியையும் காலின் கீழ் கிடக்கும் முயலகனையும், யாரும் சொல்லிக் கொடுக்காமலே பொருள் புரிந்து பார்க்கிறோம். மேலை ஓவியங்களில் வரும் கிறித்தவப் புனிதர்களை, திறவுகோல் இருந்தால் பேதுரு, உடைந்த சக்கரம் இருந்தால் கத்தரீன், உடலில் அம்புகள் தைத்திருந்தால் செபஸ்தியார் என்று கண்டுகொள்வதும் அதே வகைதான். இவற்றுக்கென்று குறிப்பேட்டில் தனிப் பக்கம் ஒதுக்கி, புதிதாக ஓர் அடையாளம் எதிர்ப்படும்போதெல்லாம் சேர்த்து வந்தேன். மனப்பாடம் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்ததாக, இரண்டு படங்களை அருகருகே வைத்து ஒப்பிடத் தொடங்கினேன். இது ஹைன்ரிக் வொல்ஃப்ளின் போன்ற கலை வரலாற்றாளர்கள் வகுப்பறையில் கையாண்ட பழைய முறை. இன்று திரையை இரண்டாகப் பிரித்தால் போதும். ஒரே கதையை வரைந்த இருவரை எடுத்துக்கொண்டால் வேறுபாடுகள் தாமாகவே வெளிப்படும் என்பதால், கிறித்து தம் சீடர்களோடு உண்ட இறுதி இராவுணவை நாடினேன். லியொனார்டோ 1490களில் மிலானில் தீட்டிய சுவரோவியத்தில் மேசை நமக்கு நேராக, கிடைக்கோடாக நிற்கிறது. சுவர்களின் கோடுகளும் கூரையின் கோடுகளும் சென்று கூடும் புள்ளி கிறித்துவின் தலையருகே அமைகிறது. ஒரு அளவுகோலைத் திரையின் மேல் வைத்து அக்கோடுகளை நீட்டிப் பார்த்தேன். தூரத்தோற்றம், அதாவது தட்டையான பரப்பில் ஆழத்தைக் காட்டும் முறை, என்பதைப் பற்றி எத்தனை பத்திகள் படித்தாலும் கிட்டாத தெளிவு அதில் கிட்டியது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1592–94இல் டின்டொரெட்டோ வெனிஸில் வரைந்ததிலோ மேசை குறுக்காக இருளுக்குள் ஓடுகிறது, பணியாளர்கள் முன்னணியில் வேலையாக இருக்கிறார்கள், விளக்குப் புகையிலிருந்து வானதூதர்கள் உருக்கொள்கிறார்கள், நடுவில் தள்ளி நிற்கும் கிறித்துவை அவருடைய தலையொளியைக் கொண்டுதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மறுமலர்ச்சி எங்கே முடிகிறது, அதையடுத்த பரோக் பாணி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இந்த ஓர் இணை எனக்கு அளித்த பிடிப்பை எந்த வரையறையும் அளிக்கவில்லை.

திரையில் பார்த்துப் படிப்பதன் பெருங்குறை, எல்லாப் படங்களும் ஒரே அளவாகிவிடுவது. இதனைச் சமாளிக்க, ஓவியத்தின் நீள அகலத்தைச் சுவரில் அளவு நாடாவால் அளந்து, ஒட்டுநாடாவால் சட்டம் போட்டுப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். மோனாலிசாவுக்கு 77 செ.மீ.க்கு 53 செ.மீ. போதுமானதாக இருந்தது. பிக்காசோவின் குவெர்னிகாவுக்கோ சுமார் 3.5 மீட்டர் உயரமும் 7.8 மீட்டர் அகலமும் வேண்டும். சுவர் முடிந்த பிறகும் அதிலுள்ள குதிரைக்கு இடம் கிடைக்கவில்லை. பார்ப்பவரைச் சூழ்ந்துகொள்ளும்படி வரையப்பட்ட ஒன்றை உள்ளங்கையளவு திரையில் பார்த்து மதிப்பிடுவதில் எவ்வளவு விட்டுப்போகிறது என்பது அப்போது விளங்கியது.

எனக்கு மிகுந்த ஈடுபாடு உண்டானது வண்ணப் பொருள்களின் கதையில்தான். லியொனார்டோவின் சுவரோவியம் அவர் காலத்திலேயே உதிரத் தொடங்கியதற்குக் காரணம், ஈரச் சுண்ணத்தின் மேல் விரைந்து தீட்டும் முறையைத் தவிர்த்து, உலர்ந்த சுவரின் மேல் நிதானமாகத் தீட்டியது. ஆப்கானிஸ்தானத்து நீலக்கல்லை அரைத்து எடுக்கும் நீலம் மிகுந்த விலையுடையதாதலால், ஃபுளோரன்ஸ் ஓவியர் கிர்லாந்தாயோவுடன் 1485இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், அவுன்சுக்கு ஏறத்தாழ நான்கு ஃபுளோரின் பொற்காசு மதிப்புள்ள நீலத்தையே பயன்படுத்த வேண்டும் என்று எழுதியே வைத்தார்கள். பணம் கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார், எந்த இடத்தில் மாட்டுவதற்குக் கேட்டார் என்று விசாரிக்கத் தொடங்கிய பிறகு, மரியாளின் அங்கி ஏன் அப்படிச் சுடர்கிறது என்பதற்குப் பக்திக்கு மேலும் ஒரு விடை உண்டு என்பது தெரிந்தது. குழாயில் அடைத்த வண்ணம் 1841இல் வந்ததும், அதனால் வெளியில் அமர்ந்து தீட்டுவது எளிதானதும், ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பெரிய அலை என்ற படத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த பிரஷ்ய நீலம் என்ற செயற்கை வண்ணம் இருப்பதும் இதே நூலைப் பிடித்துக்கொண்டு போனபோது கிடைத்தவை.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் காப்புரிமை நீங்கிய தன் படைப்புகளின் படங்களை 2017 முதல் கட்டுப்பாடின்றி வழங்குகிறது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தின் தளமும் அவ்வாறே தாராளமானது. ஸ்மார்ட்ஹிஸ்டரி தளத்தின் குறுங்காணொளிகளில், இருவர் ஒரு படைப்பின் முன் உரையாடுவதைக் கேட்கலாம். நம் பட்டியலை எழுதிய பிறகு கேட்பதே நல்லது. குறிப்பேட்டில் ஒவ்வொரு படைப்புக்கும் காலம், பொருள், அளவு, பணித்தவர், இப்போதுள்ள இடம் ஆகியவற்றோடு, தீப்பெட்டி அளவில் ஒரு பென்சில் கோட்டுருவமும் போட்டுவைக்கிறேன். கோட்டுருவம் அழகாக அமைய வேண்டியதில்லை. எங்கே எடை விழுகிறது என்பது தெரிந்தால் போதும்.

இப்போது எடுத்துக்கொண்டிருப்பது, பீஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள சீன ஓவியர் ஜாங் ஸெதுவான் ஆற்றங்கரை நகர் ஒன்றைத் தீட்டிய 12ஆம் நூற்றாண்டுச் சுருளோவியம். உயரம் சுமார் 25 செ.மீ., நீளமோ 5 மீட்டருக்கும் மேல். வலமிருந்து இடமாக, ஒரு கை நீளம் மட்டும் விரித்துப் பார்க்க வேண்டிய இதில், ஐரோப்பியச் சுவரோவியத்தில் நான் அளவுகோல் வைத்துத் தேடிய ஒற்றைப் புள்ளி கிடையாது. கண் ஆற்றோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. பின்வந்த உடைமையாளர்கள் குத்திய சிவப்பு முத்திரைகள் சுருளிலேயே இருப்பதால், அது யார் யார் கைமாறி வந்தது என்பதையும் படத்தோடு சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது. பட்டியல் எழுதும் பணி ஆற்றின் மேலுள்ள வளைவுப் பாலம் வரை வந்திருக்கிறது. பாய்மரத்தைச் சாய்த்தபடி பாலத்தின் கீழ் நுழையத் தடுமாறும் படகில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.