மீதியை வெள்ளித்திரையில் காண்க

3 ஜூன் 2025, செவ்வாய்

சினிமா, டிவி பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்யும் வேலையை இன்று ஆரம்பித்தேன். முதல் ஆள் மாம்பலத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர். மௌனப்பட காலத்தைத் தோண்டியே தலை நரைத்தவர். "சார், உங்களுக்கு ரொம்பப் பிடித்த படம் எது?" என்று தொடங்கினேன். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதானே.

"நான் அதிகமா எழுதினது நான் பார்க்காத படங்களைப் பத்திதான் தம்பி. இனிமேல் யாரும் பார்க்கவும் முடியாது" என்றார்.

நடராஜ முதலியார் மதராஸில் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். அதன் பிரதி இல்லை. 1916, 1917, 1918 என்று வெளியான வருஷத்திலேயே மூன்று கட்சி. முதல் தமிழ்ப் பேசும்படம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31இல் வந்தது. டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கூட நடித்தவர்கள் தெலுங்கிலும் இந்தியிலும் பேசினார்களாம். அதுவும் இல்லை. ராஜலட்சுமியே 1936இல் இயக்கிய 'மிஸ் கமலா'வும் போய்விட்டது. அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட் ஃபிலிம், பற்றிக்கொண்டால் தண்ணீருக்கும் அடங்காது. தீயில் தப்பியது வெள்ளிக்காகப் போனது. கறுப்பு வெள்ளை ஃபிலிமின் பூச்சில் வெள்ளி இருக்கிறதே, ஓடி முடிந்த படத்தை அதற்காகவே எடைக்குப் போட்டிருக்கிறார்கள்.

"அப்போ எதை வைத்து எழுதுகிறீர்கள்?"

"காகிதத்தை வச்சு" என்றார். காபி வந்தது. அப்புறம் ஒரு மணி நேரம் காகிதத்தைப் பற்றியே பேசினார்.

5 ஜூன், வியாழன்

செவ்வாய்க்கிழமைப் பதிவைக் கேட்கலாம் என்று உட்கார்ந்தால், பதினோராவது நிமிஷத்தோடு நின்றிருக்கிறது. மெமரி கார்டு நிறைந்துபோனதை நான் கவனிக்கவே இல்லை. கூச்சத்தோடு போன் செய்தேன். "ஞாயிற்றுக்கிழமை வாங்க. கார்டைக் காலி பண்ணிட்டு வாங்க" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்ன மாதிரி இருந்தது.

8 ஜூன், ஞாயிறு

மறுபடி மாம்பலம். அதே கேள்விகளைக் கேட்டேன், அதே பதில்கள் வரவில்லை. போன தடவை, டூரிங் டாக்கீஸுக்குத் தன்னை முதலில் கூட்டிப்போனது அப்பா என்றார். இன்று பாட்டி. தரை டிக்கெட், கீற்றுக் கொட்டகை, மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்கார்ந்தது, பின்னால் இருந்தவர் தலையில் தட்டி மேட்டைக் கலைக்கச் சொன்னது எல்லாம் அப்படியே இருந்தன. கூட வந்த ஆள் மட்டும் மாறிவிட்டார்.

தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "ரெண்டையும் வச்சுக்கோங்க. கிராமத்துப் பெரியவங்ககிட்ட பேட்டி எடுக்கும்போது நானும் ரெண்டையும்தான் எழுதிக்குவேன். அந்த மணல்மேடு ரெண்டு தடவையும் வந்துச்சில்ல?"

இன்று கிடைத்ததில் உருப்படியானது 'மார்த்தாண்ட வர்மா' கதை. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கிய மௌனப்படம், 1933. சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவல்தான் கதை. ஆனால் நாவலின் பதிப்புரிமை திருவனந்தபுரத்தில் ஒரு புத்தகக் கம்பெனியிடம் இருந்தது. அவர்கள் கோர்ட்டுக்குப் போக, படம் நின்றது, பிரதி பறிமுதலானது. நாற்பது வருஷம் புத்தகக் கம்பெனியிலேயே கிடந்து, 1974இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஊர் ஊராக ஓடிய படங்கள் தேய்ந்து, எரிந்து, எடைக்குப் போயின. ஓடவிடாமல் நிறுத்திய படம் பிழைத்துக் கிடக்கிறது. தயாரித்தவருக்கு இது என்ன ஆறுதல் என்பது வேறு விஷயம்.

கிளம்பும்போது என் பையிலிருந்த பழைய சினிமாப் பாட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். திருவல்லிக்கேணி நடைபாதையில் முப்பது ரூபாய்க்கு வாங்கியது. முன் அட்டையும் முதல் தாளும் இல்லை, அதனால் படத்தின் பெயரே தெரியாது. கையில் வாங்கியவர் முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு பின் அட்டையைப் பார்த்தார், கூந்தல் தைல விளம்பரம். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகம், தாளம். சிலவற்றில் இன்ன பாட்டு மெட்டு என்று இருந்தது. எண்ணிப் பார்த்தார், முப்பத்தேழு பாட்டு. "இவ்வளவு பாட்டுன்னா முப்பதுகளாத்தான் இருக்கணும். நாடகக் கம்பெனி சரக்கு அப்படியே வந்திருக்கு. மதராஸில் முதல் பேசும்பட ஸ்டூடியோ வந்ததே 1934இல்தான். அதுக்கு முன்னால்னா பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயிலேறிப் போய்த்தான் பாடியிருக்கணும்."

கதைச்சுருக்கத்தைச் சத்தமாகப் படித்தார். அண்ணன் ராஜ்யத்தைப் பறிக்கிறான், தம்பி காடு போகிறான், அவன் மனைவி ஆண்வேஷத்தில் அரண்மனைக்குள் நுழைகிறாள், சேவகர்கள் அவளைப் பிடிக்கிறார்கள். 'பின்னர் அவள் கதி யாதாயிற்று? மீதியை வெள்ளித்திரையில் காண்க.'

"இதாங்க எங்க தொழில்" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

10 ஜூன், செவ்வாய்

இன்று ஓர் இளம் ஆய்வாளர். நன்றாகப் பேசுகிறார், கொஞ்சம் வேகமாக. "பிரதிக்குள் மறைந்திருக்கும் மௌனங்களை வாசிக்க வேண்டும்" என்றார். மாம்பலத்துக்காரர் காதில் விழுந்திருந்தால் "பிரதி எங்கப்பா இருக்கு?" என்று கேட்டிருப்பார். ஒருவருக்குப் பிரதி என்றால் வாசிக்க வேண்டிய பனுவல், இன்னொருவருக்கு டப்பாவில் இருக்கிற ஃபிலிம் சுருள். ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு தலைமுறையும் பேசாமலே பேசிக்கொண்டிருக்கின்றன. ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பற்றி 1992இல் எழுதிய புத்தகத்தை மட்டும் இரண்டு பேருமே மேஜைமேல் வைத்திருக்கிறார்கள்.

12 ஜூன், வியாழன்

மதுரையிலிருந்து ஒரு பேராசிரியை, போனில். டிவி சீரியல்கள்தான் இவருடைய துறை. சினிமா ஆய்வாளர்கள் தன்னைக் கொஞ்சம் ஒதுக்கித்தான் வைக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர் வேலை செய்யும் முறை எனக்குப் பிடித்திருந்தது. சீரியலைப் பார்ப்பதில்லை, சீரியல் பார்க்கிறவர்களைப் பார்க்கிறார். சாயங்காலம் வீடுகளில் போய் உட்கார்ந்துகொள்கிறார். "ஏன் எல்லாத்தையும் வசனமாவே சொல்றாங்க, ஒரு அதிர்ச்சிக்கு எதுக்கு மூணு தடவை முகத்தைக் காட்டுறாங்கன்னு கேலி பண்றாங்க. பார்க்கிறவங்க கையில முருங்கைக்கீரை இருக்கு சார். கண்ணு கீரையில, காது டிவியில. தலையைத் தூக்கிப் பார்க்கறதுக்கு நேரம் குடுக்கணுமில்ல?"

பழைய டிவி நிகழ்ச்சிகள் கிடைப்பது அபூர்வம் என்றார். சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் வந்தது. அந்தக் காலத்து வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நேரத்தில் தெருவே காலியாக இருந்ததை எல்லாரும் சொல்வார்கள், அந்த நிகழ்ச்சியைக் காட்டச் சொன்னால் காட்ட ஆளில்லை. டேப் விலை அதிகம் என்பதால் அழித்துவிட்டு அதிலேயே அடுத்ததைப் பதிவது டிவி உலகத்தில் சகஜமாம். பிபிசியே அறுபதுகளின் நிகழ்ச்சிகளில் எத்தனையோ அப்படி அழித்திருக்கிறது.

14 ஜூன், சனி

அம்மாவை வைத்துச் சோதித்தேன். எட்டு மணி சீரியல், மடியில் முறம், மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். டிவி பக்கம் தலை எத்தனை தடவை நிமிர்கிறது என்று எண்ணினேன். விளம்பரத்தைத் தவிர்த்து ஆறு தடவை. ஆறும் அந்த மூன்று முறை முகம் காட்டும் இடத்தில்தான். ஏழாவது தடவை என்னைப் பார்த்தாள். "என்னடா என்னையே பார்த்துக்கிட்டு இருக்கே?"

17 ஜூன், செவ்வாய்

வெள்ளைக்காரன் காலத்தில் சினிமாவைப் பற்றி விசாரிக்கப் போட்ட ரங்காச்சாரியார் கமிட்டியின் சாட்சியங்களைப் புரட்டினேன். 1927-28இல் பம்பாய், மதராஸ், ரங்கூன் என்று சுற்றி 353 பேரை விசாரித்திருக்கிறார்கள். நான் நாலு பேரிடம் பேசுவதற்குள் நாக்குத் தள்ளுகிறது.

22 ஜூன், ஞாயிறு

பாட்டுப் புத்தகத்தை மாம்பலத்துப் பேராசிரியர் சொன்னபடி தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டுப் பார்ப்பதாக இருக்கிறேன். அதற்கு முன்னால் பக்கங்களைப் போட்டோ எடுத்தேன். அம்மா பக்கத்தில் வந்து என்ன என்று கேட்டாள். கதைச்சுருக்கத்தைப் படித்துக் காட்டினேன், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' வரைக்கும்.

"அவளைப் பிடிச்ச சேவகன் இருக்கானே, அவன்தான் அவளோட அண்ணன். சின்ன வயசுல தொலைஞ்சுபோனவன். கையில மச்சத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சிருப்பா" என்றாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"வேற எப்படிடா முடிக்க முடியும்?" என்று எழுந்துபோனவள், அடுக்களையிலிருந்து திரும்பிக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. எந்த சேனல்ல போடுறான்?"